டிவி குவிஸ் கேமுக்கு ரிவ்யூ: எழுதும்போதும் படிக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனர்' மாதிரி டிவி ஷோவ வச்சு வந்த ஒரு கேமுக்கு கீழ இருக்கற ரிவ்யூ எல்லாத்தையும் வரிசையா படிச்சீங்கன்னா இவங்க எல்லாரும் ஒரே கேமத்தான் ஆடினாங்களான்னு சந்தேகம் வந்துரும். ஒருத்தர் அதே மியூசிக், அதே லைட்டு, அப்படியே ஹாட் சீட்ல உக்காந்த மாதிரி இருக்குன்னு உருகுவாரு, அடுத்தவரு ஒரு மணி நேரத்துல கேள்வி ரிப்பீட் ஆகுது காசு தண்டம்னு போட்டிருப்பாரு, மூணாவது ஆளு எல்லாம் அமெரிக்காக்காரன் கேள்வி நமக்கு எதுக்குன்னு கேட்டிருப்பாரு. மூணு பேருமே உண்மையத்தான் சொல்றாங்க, ஆனா மூணு பேரும் வேற வேற விஷயத்துக்கு மார்க் போடறாங்க. இதுல எத நம்பறது, நாம எழுதினா எத எழுதறதுன்னு தெரியாமதான் நல்ல கேம் அடி வாங்குது, சுமாரான கேம் தப்பிச்சிடுது. என்னப் பொறுத்தவரைக்கும் குவிஸ் கேம்னா கேள்விதான் கேம், மத்ததெல்லாம் அதுக்கு மேல போட்ட சட்டை.

முதல் தவறு அந்த சட்டைக்கு மார்க் போடறது. இந்த ஷோ 1998 செப்டம்பர்ல இங்கிலாந்துல ஐடிவில கிறிஸ் டாரன்ட் நடத்த ஆரம்பிச்சது, அடுத்த வருஷமே அமெரிக்கால ஏபிசில ரெஜிஸ் ஃபில்பின், 2000 ஜூலைல நம்ம ஊர்ல அமிதாப் பச்சன் நடத்தின 'கௌன் பனேகா குரோர்பதி'. கேமும் கூடவே வந்துடுச்சு. அமெரிக்கால 1999ல வந்த கம்ப்யூட்டர் கேம ஜெல்லிவிஷன் பண்ணாங்க, ரெஜிஸ் குரலே அதுல இருக்கும். அந்த டீம் அதுக்கு முன்னாடியே 'யூ டோன்ட் நோ ஜாக்'னு ஒரு ட்ரிவியா கேம் பண்ணவங்க, ஒரு ஹோஸ்ட் எப்ப பேசணும் எப்ப வாய மூடணும்னு அவங்களுக்கு அத்துப்படி. இங்கிலாந்துல ஐடாஸ் வெளியிட்டதுல டாரன்ட் குரல். 2020ல மைக்ராய்ட்ஸ் வெளியிட்டதுல டிவில பாத்த அந்த முகங்க இல்ல, அதனாலயே நிறைய பேருக்கு ஒட்டல. இது நியாயமான வருத்தம்தான், ஆனா குரல் நல்லாருக்கு நல்லால்லன்னு மட்டும் எழுதிட்டு நிறுத்திட்டா படிக்கறவனுக்கு ஒண்ணும் கிடைக்காது. பத்து ஆட்டம் ஆடினதுக்கு அப்பறம் எவ்ளோ பெரிய ஹோஸ்டா இருந்தாலும் அதே டயலாக் காதுல குத்தும். அப்ப அத ஸ்கிப் பண்ண முடியுதா, ஃபைனல் ஆன்சர் சொன்னதுக்கு அப்பறம் பதில் வர எவ்ளோ நேரம் இழுக்குது, இதத்தான் சொல்லணும். டிவில அந்த இழுவை ஒரு த்ரில், கையில கன்ட்ரோலர் வச்சிருக்கறவனுக்கு அது வெயிட்டிங்.

இப்ப பெரிய விஷயத்துக்கு வரேன், கேள்வி ரிப்பீட். இந்த மாதிரி கேம் எதுக்குப் போனாலும் நெகட்டிவ் ரிவ்யூல இதுதான் முன்னாடி நிக்கும், இதுலதான் தப்பும் அதிகம். ஒரு கணக்கு போட்டு பாக்கலாம். ஒரு கேம்ல மொத்தம் 3,000 கேள்வி இருக்குன்னு வச்சுக்கங்க. கேக்க பெருசா இருக்கும், ஆனா பழைய மில்லியனர் ஏணில, அதாவது கேள்விக்கு கேள்வி பரிசுப் பணம் ஏறற அந்த வரிசைல, 15 படி, ஒவ்வொரு படிக்கும் தனி கஷ்டம், அதனால கேள்வியையும் பிரிச்சுதான் வைக்கணும், சமமா பிரிச்சா படிக்கு 200 கேள்வி. கேம் எந்த ஞாபகமும் வச்சுக்காம சும்மா ராண்டமா எடுத்துப் போடுதுன்னா அஞ்சாவது ஆட்டம் முடியறதுக்குள்ள ஒரு கேள்வியாவது திரும்ப வர்றதுக்கு பாதிக்கு மேல சான்ஸ் இருக்கு. பத்து ஆட்டம் ஆடினா கிட்டத்தட்ட கண்டிப்பா வரும். ஆனா அந்த பத்து ஆட்டத்துல கேட்ட 150 கேள்வில ரிப்பீட் ஆனது சராசரியா மூணுதான்! திரும்ப வந்த அந்த மூணையும் மனசு புடிச்சு வச்சுக்கும், புதுசா வந்த 147 மறந்துடும். அதனால 'ரிப்பீட் ஆகுது'ன்னு ஒத்த வரி ரிவ்யூ பாத்தா அத வச்சு கேள்வி கம்மின்னு முடிவு பண்ணாதீங்க.

அதுக்காக கம்பெனிய விட்டுடலாம்னு சொல்லல. ஏற்கனவே கேட்ட கேள்விய ஞாபகம் வச்சுக்கிட்டு எல்லாம் தீர்ற வரைக்கும் திரும்ப கேக்காம இருக்கறது ஒண்ணும் கஷ்டமான வேலை இல்ல. அத செய்யலன்னா அது சோம்பேறித்தனம், அத ரிவ்யூல கண்டிப்பா எழுதுங்க. ஆனா எழுதும்போது எத்தன ஆட்டம் ஆடினீங்க, ஒரு ஆட்டத்துல எத்தன கேள்வி பழசு, எந்தப் படில வந்துச்சுன்னு எழுதுங்க. ஏன் படிய சொல்றேன்னா, ஏழாவது எட்டாவது கேள்வில அவுட் ஆகிட்டு திரும்ப திரும்ப முதல்லேந்து ஆடறவங்க கீழ்ப்படி கேள்வியத்தான் மறுபடி மறுபடி பாப்பாங்க, மேல இருக்கற பாதி கேள்வி அவங்க கண்ணுலயே படாது. அவங்களுக்கு அந்தக் கேம் உண்மையிலேயே பாதி சைஸ்தான். நல்லா ஆடறவருக்கு முழு சைஸ். ரெண்டு பேரு ரிவ்யூவும் ஒத்துப்போகாததுல ஆச்சரியமே இல்ல.

அடுத்தது ஊர் பிரச்சனை. முதல் அஞ்சு கேள்வி சின்னப்புள்ளத்தனமா இருக்குன்னு ஒரு கூட்டம் திட்டும், முதல் அஞ்சு கேள்வியே புரியலன்னு இன்னொரு கூட்டம் திட்டும், ரெண்டுமே ஒரே கேள்வியப் பத்திதான். ஆரம்பக் கேள்வி ஈசியா இருக்கறது அந்த ஷோவோட டிசைனே, வந்தவன் பதட்டம் குறைஞ்சு பேச ஆரம்பிக்கணும்னு. அது யாருக்கு ஈசின்னா அந்த ஊர்ல வளர்ந்தவனுக்கு. பிரிட்டிஷ் கேம்னா அவங்க நர்சரி ரைம், அவங்க சீரியல், அவங்க பேச்சு வழக்குல உள்ள சொலவடை. அமெரிக்க கேம்னா பேஸ்பால், மளிகைக் கடை பிராண்டு. நம்ம ஊர் ஆளுக்கு 64,000ல கேக்கற வேதியியல் கேள்வி ஈசியா இருக்கும், 100ல கேக்கற கேள்விதான் மண்டைய உடைக்கும். 'ஆடிப்பட்டம் தேடி' அப்டின்னு ஆரம்பிச்சு அடுத்த வார்த்தை என்னன்னு கேட்டா நம்ம வீட்டு பாட்டி தூக்கத்துல சொல்லும், லண்டன்காரன் லைஃப்லைன் (பதில் தெரியாதப்ப எடுத்துக்கற உதவி) மூணையும் செலவு பண்ணுவான். விஜய் டிவில 2012ல சூர்யா நடத்தின 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' பாத்து வளந்தவங்க அந்த ஞாபகத்துல இங்கிலீஷ் வெர்ஷன வாங்கிட்டு ஒரு ஸ்டார் போடறது கேமுக்கும் நியாயம் இல்ல, அடுத்து வாங்க வர்றவனுக்கும் உதவாது. எந்த நாட்டுக் கேள்வின்னு முதல் வரிலயே எழுதிடுங்க. படிக்கறவங்களும், கம்ப்யூட்டர் கேம் விக்கற ஆன்லைன் கடையான ஸ்டீம்ல லாங்குவேஜ் ஃபில்டர் இருக்கு, அத மாத்திப் பாருங்க, ஒரே கேமுக்கு ஜெர்மன்காரங்களும் இங்கிலீஷ்காரங்களும் சொல்றது ஒத்துப்போகணும்னு அவசியமே இல்ல, ஏன்னா அவங்க ஆடற கேள்வியே வேறயா இருக்கலாம்.

டென்ஷனே இல்லன்னு ஒரு புகார் எப்பவும் வரும். பவுண்டுல பழைய ஏணிய பாருங்க, 2,50,000ல நிக்கறவரு அடுத்த கேள்விக்கு தப்பா பதில் சொன்னா 32,000க்கு விழுவாரு, 2,18,000 பவுண்டு ஒரே நொடில போயிடும். அதனாலதான் டிவில போதும்டா சாமின்னு எந்திரிச்சு போனாங்க. வீட்டுல சோஃபால உக்காந்து ஆடும்போது எவன் எந்திரிச்சு போவான், தோத்தா திரும்ப ஆடலாம். இது எந்த மில்லியனர் கேமுக்கும் இருக்கற குறை, இத வச்சு குறிப்பிட்ட ஒரு கேம மட்டும் அடிக்கறது சரியில்ல. அந்தக் குறைய சரிக்கட்ட அந்தக் கேம் என்ன பண்ணிருக்கு, வீட்டுல நாலு பேரு மாத்தி மாத்தி ஆட மோட் இருக்கா, ஸ்கோர்போர்டு இருக்கா, அதச் சொன்னா உபயோகம். அதோட நீங்க தனியா ஆடினீங்களா கும்பலா ஆடினீங்களான்னு சொல்லாம விடறதும் தப்பு. குவிஸ் கேமுல பாதி சந்தோஷம் பக்கத்துல இருக்கறவன் தப்பா சொல்லும்போது வர்றதுதானே.

லைஃப்லைன பத்தி ஒண்ணு. ஆடியன்ஸ் போல், அதாவது கூட்டத்துகிட்ட ஓட்டு கேக்கற லைஃப்லைன், என்னை ஏமாத்திடுச்சுன்னு கோவப்படறவங்க நிறைய. நிஜ ஷோல, அமெரிக்கால, ஆடியன்ஸ் சொன்னது 91 சதவீதம் சரியா இருந்துச்சுன்னு ஒரு கணக்கு ரொம்ப நாளா சொல்லிட்டு வராங்க. ஆஃப்லைன் கேம்ல ஆடியன்ஸே கிடையாது, ப்ரோகிராம்தான் அந்த பர்சென்ட் போடுது. எப்பவுமே சரியா சொன்னா அது லைஃப்லைன் இல்ல, விடைத்தாள். அதனால கஷ்டமான கேள்வில தப்பா சொன்னா அது குறை இல்ல, ரெண்டாவது கேள்விலயே தப்பா சொன்னாத்தான் குறை.

மில்லியனர விட்டு 'ஜெபர்டி'ங்கற அமெரிக்க குவிஸ் ஷோ பக்கம் போனா புகார் வேற மாதிரி. 1988ல நின்டெண்டோவுக்கு ரேர்ங்கற கம்பெனி பண்ணி கேம்டெக் வெளியிட்டதுல பதில ஒவ்வொரு எழுத்தா கன்ட்ரோலர்ல தேடித் தேடி அடிக்கணும், பதில் தெரிஞ்சும் நேரம் போயிடும். 2017ல யூபிசாஃப்ட் வெளியிட்டதுல ஆப்ஷன் குடுத்தாங்க, உடனே இது ஜெபர்டியே இல்ல, யூகிச்சு ஜெயிக்கலாம்னு அடுத்த புகார். ரெண்டுமே சரியான புகார், ஆனா ரெண்டும் எதிரெதிர், அதனால எது உங்களுக்கு ஒத்துவராதுன்னு முதல்ல யோசிச்சுட்டு அந்த ரிவ்யூவ மட்டும் கணக்குல எடுங்க. இன்னொண்ணு, பஸ்ஸர் வேலை செய்யலன்னு எழுதறதுக்கு முன்னாடி ரூல படிங்க. நிஜ ஷோல ஹோஸ்ட் வாசிச்சு முடிக்கறதுக்கு முன்னாடி அமுக்கினா கால் செகண்டு லாக் ஆகிடும். கேமும் அதே ரூல வச்சிருந்தா அது கேம் தாமதமா வேலை செய்யற லேக் இல்ல.

கேள்வி தப்புன்னு எழுதறவங்க அந்தக் கேள்விய முழுசா எழுதணும். 'நிறைய பதில் தப்பு'ன்னு சொன்னா கம்பெனிக்காரன் எத திருத்துவான்? அதோட கேம் வந்த வருஷத்தையும் பாருங்க. இந்தியால எத்தன மாநிலம்ங்கற கேள்விக்கு 2000 கடைசில 28, 2014ல தெலங்கானா வந்ததும் 29, 2019 அக்டோபர் கடைசில ஜம்மு காஷ்மீர் யூனியன் பிரதேசம் ஆனதும் திரும்ப 28. புளூட்டோவ கிரகம்னு 2006க்கு முன்னாடி வந்த கேம் சொன்னா அது தப்பே இல்ல. ஆனா அப்டேட் வாங்கற வசதி இருக்கற இன்னைய கேம் பழைய பதில விடாம புடிச்சிருந்தா தாராளமா திட்டுங்க, அதுக்கு முழு உரிமை இருக்கு.

ஆன்லைன் மோட பத்தின ரிவ்யூல தேதி பாக்காம நம்பறது இன்னொரு தவறு. எக்ஸ்பாக்ஸ் 360ல 2009ல 'ஒன் வெர்சஸ் ஹண்ட்ரட்' வந்துச்சு, டிவி ஷோவையே கன்சோலுக்குள்ள கொண்டு வந்த மாதிரி, குறிச்ச நேரத்துல எல்லாரும் உள்ள வரணும், ஒருத்தர் நடுவுல, நூறு பேர் எதிர்ல, மிச்சப் பேர் கூட்டத்துல. ஆடினவங்க இன்னைக்கும் அத பாசமா பேசறாங்க. 2010லயே மூடிட்டாங்க. அவங்க எழுதினது ஒண்ணும் பொய் இல்ல, ஆனா அத படிச்சுட்டு இன்னைக்கு ஆட ஒண்ணும் கிடையாது. இப்ப விக்கற கேம்லயும் ஆன்லைன்ல ஆள் இருக்காங்களான்னு கடைசி சில மாசத்து ரிவ்யூ மட்டும்தான் சொல்லும்.

கடைசியா அந்த பர்சென்ட். ஸ்டீம்ல 65 சதவீதம்னா அது நூத்துக்கு 65 மார்க் இல்ல, நூறு பேர்ல 65 பேர் கட்டைவிரல மேல தூக்கினாங்க அவ்ளோதான், கேம் சுமார்னு அர்த்தம் இல்ல. 40லேந்து 69 வரைக்கும் மிக்ஸ்டுன்னு காட்டும், குவிஸ் கேம்ல அது பெரும்பாலும் ரெண்டு வகை ஆளுங்க ரெண்டு பக்கம் நிக்கறாங்கன்னு அர்த்தம். ரிவ்யூ பக்கத்துல எத்தன மணி நேரம் ஆடிட்டு எழுதினாங்கன்னு இருக்கும், ரிப்பீட் பத்தி பேசறவங்க எத்தன மணி நேரம்னு அங்க பாருங்க. ஸ்டீம்ல வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்கு கம்மியா ஆடியிருந்தா ரீஃபண்ட் கேக்கலாம், அஞ்சாறு ஆட்டம் ஆடி எத்தன கேள்வி பழசு வருதுன்னு நீங்களே எண்ணிடலாம். பிளேஸ்டேஷன்ல டவுன்லோட் ஆரம்பிச்சுட்டா சாதாரணமா காசு திரும்ப வராது, அங்க வாங்கறவங்களுக்கு மத்தவங்க எழுதினத விட்டா வேற வழியே இல்ல, அதனால கன்சோல்ல ஆடறவங்க எந்த நாட்டுக் கேள்வி, எத்தன ஆட்டம், எத்தன ரிப்பீட், எத்தன பேர் சேந்து ஆடினீங்கன்னு நாலு விஷயத்த மட்டுமாவது எழுதிட்டு போங்க.