பின் இருக்கைக்காரரின் கார்: நீள வீல்பேஸ் ஹைபிரிட் செடானில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2007இல் விற்பனைக்கு வந்த லெக்ஸஸ் எல்எஸ் 600எச் எல் காரின் பெயரே பலரைத் தவறான கணக்குக்கு இழுத்துச் சென்றது. 600 என்பதைப் பார்த்து 6 லிட்டர் என்ஜின் என்று நினைத்தார்கள். உள்ளே இருந்தது 5 லிட்டர் வி8. ஹைபிரிட்டை, அதாவது பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த காரை, குறிக்கும் எச் என்ற எழுத்தைப் பார்த்துப் பெட்ரோல் செலவு பாதியாகிவிடும் என்று நினைத்தார்கள். அதுவும் நடக்கவில்லை. எட்டு சிலிண்டரோடு மின்மோட்டாரைச் சேர்த்து, 6 லிட்டர் என்ஜின் தரும் வலுவைச் சத்தமில்லாமல் தருகிறோம் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். கடைசியில் நிற்கும் எல் ஒன்றுதான் யாரையும் ஏமாற்றவில்லை: முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரமான வீல்பேஸ் சாதாரண எல்எஸ் காரில் 2,970 மி.மீ., இதில் 3,090 மி.மீ.

இந்த வகைக் கார்கள் பின் இருக்கையில் அமர்பவரை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. நீளம் அவருடைய காலுக்காக; மின்மோட்டார் அவருடைய காதுக்காக. எரிபொருள் மிச்சம் கிடைத்தால் லாபம், அவ்வளவே. வாங்கும்போதும் ஓட்டும்போதும் பராமரிக்கும்போதும் நான் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

இரண்டு எண்களைக் கூட்டிப் பார்ப்பது

எல்எஸ் 600எச் எல் காரின் என்ஜின் 290 கிலோவாட், மின்மோட்டார் 165 கிலோவாட். கூட்டினால் 455. ஆனால் தயாரிப்பாளர் சொன்ன மொத்தத் திறன் 327 கிலோவாட். மீதி 128 எங்கே போனது என்று சண்டைக்கு நிற்பவர்கள் உண்டு.

எங்கும் போகவில்லை. இந்தக் காரில் வழக்கமான கியர்பெட்டி இல்லை. கோள்பற்சக்கரத் தொகுதி ஒன்று என்ஜினின் சக்தியை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பங்கு நேராகச் சக்கரத்துக்குப் போகிறது. இன்னொரு பங்கு ஜெனரேட்டரைச் சுற்றி மின்சாரமாகி, அந்த மின்சாரம் மோட்டாரைச் சுற்றி, அதன் வழியே சக்கரத்துக்கு வருகிறது. ஆக, மோட்டார் தரும் சக்தியில் ஒரு பகுதி ஏற்கெனவே என்ஜின் கணக்கில் எழுதப்பட்டது. ஒரே குடத்து நீரை இன்னொரு குடத்துக்கு மாற்றிவிட்டு இரண்டு குடம் என்று எண்ணலாமா? புதிதாகச் சேர்வது பேட்டரி கொடுப்பது மட்டும்தான். 290க்கும் 327க்கும் உள்ள 37 கிலோவாட் வித்தியாசம் அதுதான்.

மெர்சிடிஸ் எஸ் 580இ காரில் இதே கூட்டல் கிட்டத்தட்டச் சரியாக வரும். 270 கிலோவாட் என்ஜின், 110 கிலோவாட் மோட்டார், மொத்தம் 375. அங்கே 28.6 கிலோவாட்-மணி பேட்டரி இருப்பதால் மோட்டாரின் முழுப் பசிக்கும் அதுவே தீனி போடுகிறது. விளம்பரத்தில் மோட்டாரின் எண்ணைப் பார்த்ததும், அதற்கு மின்சாரம் கொடுப்பது யார் என்று கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

ஹைபிரிட் என்றால் ஒன்றுதான் என்று எண்ணுவது

இந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு பிராணிகள் இருக்கின்றன. 2009இல் வந்த மெர்சிடிஸ் எஸ் 400 ஹைபிரிட், லித்தியம் அயனி பேட்டரியோடு தொடர் உற்பத்திக்கு வந்த முதல் ஹைபிரிட் கார். அதன் மோட்டார் வெறும் 15 கிலோவாட். என்ஜினுக்குத் தோள் கொடுக்குமே தவிர, காரைத் தனியாக நகர்த்தாது. எல்எஸ் 600எச் எல் மின்சாரத்தில் மட்டும் சிறிது தூரம் ஊர்ந்து போகும். எஸ் 580இ சுவரில் செருகி மின்னேற்றக்கூடியது. அதிகாரபூர்வச் சோதனைக் கணக்கில் சுமார் 100 கி.மீ. மின்சாரத்திலேயே ஓடும்.

முதல் வகையை வாங்கிவிட்டு மௌனமான புறப்பாட்டை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். மூன்றாம் வகையை வாங்கிவிட்டு மின்னேற்றவே மாட்டேன் என்பவர் செய்வது அதைவிட விசித்திரம். பெரிய பேட்டரி, மோட்டார், சார்ஜர் எல்லாவற்றின் எடையையும் சுமந்துகொண்டு வெறும் பெட்ரோல் கார் ஓட்டுகிறார். மின்னேற்றும் வசதி கைக்கெட்டும் இடத்தில் இல்லை என்றால் செருகும் வகையை வாங்குவதில் பொருளே இல்லை.

நெடுஞ்சாலைப் பயணமே அதிகம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹைபிரிட் மிச்சம் பிடிப்பது பிரேக்கில் வீணாகும் ஆற்றலைத் திரும்பப் பிடிப்பதால். நின்று நின்று போகும் இடங்களில் என்ஜினை அணைப்பதால். ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓடும்போது இரண்டுக்கும் வேலை இல்லை. கூடுதல் எடைதான் மிஞ்சும்.

நீளத்தைத் தவறாகப் புரிந்துகொள்வது

நீண்ட கார் என்றால் டிக்கியும் பெரிது என்று நம்பிப் பெட்டிகளோடு வந்து நிற்பவரைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். கூடிய 120 மி.மீ. முழுவதும் பின்கதவுப் பகுதிக்கே போயிற்று. டிக்கிக்கு ஒன்றும் வரவில்லை. எல்எஸ் காரிலோ 288 வோல்ட் நிக்கல் பேட்டரி பின் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டதால் டிக்கி குறுகியே போனது. எஸ் 400 ஹைபிரிட்டில் சின்னப் பேட்டரியை என்ஜின் அறையிலேயே வைத்துவிட்டதால் டிக்கி தப்பித்தது. ஆகவே வாங்குமுன் உங்கள் பெட்டிகளை எடுத்துப் போய் வைத்துப் பாருங்கள். லிட்டர் கணக்கு பெட்டியின் வடிவத்தைச் சொல்லாது.

நீளத்தால் உண்மையில் கிடைப்பது என்ன? மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் முன்சக்கரம் ஒரு மேட்டில் ஏறியதற்கும் பின்சக்கரம் அதே மேட்டில் ஏறுவதற்கும் இடையே எல்எஸ் 600எச் எல் காரில் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான நேரம் கழிகிறது. முன்சக்கரமும் பின்சக்கரமும் தள்ளித் தள்ளி இருப்பதால் ஒரே உயர மேட்டில் கார் முகம் தூக்கும் கோணம் குறைகிறது. ஊஞ்சலாட்டம் தணிகிறது. ஆனால் பின் இருக்கைக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் மாறுவதில்லை. முன் அச்சுதான் தள்ளிப்போகிறது. கூர்மையான குழியின் அடி பின்னால் இருப்பவருக்கு முன்போலவே வந்து சேரும். அதைத் தாங்குவது டயரும் சஸ்பென்ஷனும். அழகுக்காகப் பெரிய ரிம், பக்கச்சுவர் குட்டையான டயர் மாட்டுபவர் நீளத்துக்குக் கொடுத்த பணத்தைத் தன் கையாலேயே வீணாக்குகிறார். மாற்றும் டயரின் சுமைக் குறியீட்டெண் (எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் காட்டும் எண்) பழையதைவிடக் குறையவும் கூடாது. இரண்டு டன்னைத் தாண்டும் கார் இது.

வீல்பேஸ் நான்கு சதவீதம் நீண்டால், ஸ்டீயரிங் திரும்பும் கோணம் மாறாதவரை, திரும்பும் வட்டமும் ஏறக்குறைய அதே அளவு பெரிதாகும். இதைச் சமாளிக்கவே புதிய எஸ் கிளாஸில் பின்சக்கரமும் திரும்புகிறது, விருப்பத் தேர்வில் 10 டிகிரி வரை. 3,216 மி.மீ. வீல்பேஸ் கொண்ட காரை அது சின்னக் கார் போலத் திருப்பிக் காட்டும். பழக்கமில்லாதவர் இங்கேதான் இடித்துக்கொள்கிறார். மெதுவாகப் போகும்போது பின்சக்கரங்கள் எதிர்த்திசையில் திரும்புவதால் காரின் வால் வெளிப்பக்கம் தள்ளும். சுவரை ஒட்டி நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து வெளியே எடுத்தால், முகம் சுவரைவிட்டு விலகும். பின் பம்பர் சுவரில் உரசும். முதலில் நேராகச் சிறிது தூரம் நகர்ந்து பிறகு திருப்புங்கள்.

வேகத்தடைகளும் அப்படித்தான். தரை இடைவெளி குட்டைக் காருக்கும் நீளக் காருக்கும் ஒன்றே என்றாலும், சக்கரங்களுக்கு நடுவே தூரம் கூடக்கூட மேட்டின் முகடு அடிவயிற்றை எளிதில் தொடும். காரை உயர்த்தும் ஏர் சஸ்பென்ஷன் பொத்தானை மேட்டின்மேல் ஏறிய பிறகு அழுத்திப் பயனில்லை. கார் உயரச் சில விநாடிகள் வேண்டும்.

பேட்டரி மூச்சுவிடும் வழியை அடைப்பது

காற்றால் குளிரும் பேட்டரி உள்ள ஹைபிரிட்களில் காற்றை உறிஞ்சும் துவாரம் பெரும்பாலும் பின் இருக்கையை ஒட்டியே இருக்கும். பின் இருக்கைக்காரரின் வசதிக்காகக் குஷன், போர்வை, கோட்டு என்று அங்கேயே குவிப்பார்கள். துவாரம் மூடும், வடிகட்டியில் பஞ்சும் தூசியும் சேரும், பேட்டரி சூடாகும். சூடுதான் அதன் ஆயுளைத் தின்னும் முதல் எதிரி. வடிகட்டியைச் சுத்தம் செய்வது சில நிமிட வேலை. சர்வீஸ் பட்டியலில் அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய கார் வாங்குபவர் விழும் குழி இன்னொன்று. 288 வோல்ட் என்றால் 1.2 வோல்ட் நிக்கல் செல்கள் 240 வரிசையாக நிற்கின்றன. சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தால் மொத்தமும் தளரும். கெட்ட மாட்யூலை (சில செல்கள் சேர்ந்த தொகுப்பை) மட்டும் கழற்றிவிட்டு, வேறொரு காரிலிருந்து எடுத்த மாட்யூலைச் செருகி எச்சரிக்கை விளக்கை அணைத்துத் தருவார்கள். புதிதாய் வந்ததற்கும் அண்டையில் இருப்பதற்கும் கொள்ளளவு ஒத்துப்போகாது. சில மாதங்களில் அடுத்தது சாயும். பேட்டரி பழுதுபார்க்கப்பட்டது என்று விற்பவர் சொன்னால் எத்தனை மாட்யூல், எங்கிருந்து வந்தவை, ஒவ்வொன்றின் அளவீடு என்ன என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் முழு பேட்டரியின் விலையைக் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

சிறிய 12 வோல்ட் பேட்டரியை யாரும் மதிப்பதில்லை. பெரிய பேட்டரியைக் காரோடு இணைக்கும் ரிலேக்களை மூடுவதே அதுதான். அது செத்தால், பெரியது நிரம்பி வழிந்தாலும் கார் அசையாது. சில மாடல்களில் அந்தச் சிறியது டிக்கிக்குள் இருக்கும். டிக்கி திறப்பதோ மின்சாரத்தால்! மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் பராமரிப்பு சார்ஜர் போடுங்கள். சாவிக்குள் ஒளிந்திருக்கும் உலோகச் சாவி எது, வெளியிலிருந்து மின்சாரம் கொடுப்பதற்கான ஜம்ப் முனை முன்னால் எங்கே என்பதைக் கார் நன்றாக ஓடும்போதே கண்டுபிடித்து வையுங்கள்.

நெரிசலில் நியூட்ரலுக்கு மாற்றும் பழைய பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். டொயோட்டா, லெக்ஸஸ் ஹைபிரிட்களில் நியூட்ரலில் ஜெனரேட்டர் மின்னேற்றாது. ஏசியோ பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

மௌனத்தை அணைப்பு என்று நினைப்பது

நான் மிகவும் அஞ்சும் தவறு இது. என்ஜின் ஓடவில்லை, சத்தமில்லை, சாவி சட்டைப்பையில். கார் அணைந்துவிட்டது என்று நம்பி மூடிய கொட்டகையில் இறங்கிப் போகிறார்கள். பேட்டரி குறைந்ததும் என்ஜின் தானாகவே உயிர்பெறும். கார்பன் மோனாக்சைடு அறையை நிரப்பும். கொட்டகை வீட்டோடு ஒட்டியிருந்தால் வாயு உள்ளேயும் நுழையும். இறங்குமுன் தகவல் பலகையில் 'ரெடி' விளக்கு அணைந்ததா என்று பார்ப்பது உயிர் காக்கும் பழக்கம்.

ஒர்க்‌ஷாப்பிலும் இதே மௌனம் ஏமாற்றும். ஆரஞ்சு நிறக் கேபிள்கள் உயர்மின்னழுத்தம். எல்எஸ் 600எச் எல் காரில் மோட்டாருக்குப் போகும் மின்னழுத்தம் 650 வோல்ட் வரை உயரும். பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும் இன்வெர்ட்டரின் கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரம் வடியக் கையேடு சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். மின்னணு பிரேக் உள்ள சில ஹைபிரிட்களில் கதவைத் திறந்தாலே பம்ப் அழுத்தம் ஏற்றும். அந்த நேரத்தில் பிரேக் பேடு மாற்றுபவரின் விரல், பேடை அழுத்தும் காலிப்பரில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நின்றுபோன காரைச் சக்கரம் தரையில் உருள இழுத்துப் போகவும் கூடாது. உருளும் சக்கரம் மோட்டாரைச் சுற்றும், மோட்டார் மின்சாரம் பிறப்பிக்கும். நான்கு சக்கரங்களையும் தூக்கி ஏற்றும் வண்டியைக் கூப்பிடுங்கள்.

பழைய காரைச் சோதித்து ஓட்டப் போகும்போது ஸ்டீயரிங்கை நண்பரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் உட்காருங்கள். மின்சாரத்தில் மெதுவாக ஊர்ந்து போகச் சொல்லி, என்ஜின் எந்தக் கணத்தில் எழுகிறது என்பதை முதுகால் கவனியுங்கள். நல்ல நிலையில் இருந்தால் அந்தக் கணம் தெரியவே கூடாது. பத்து நிமிடத்தில், வெயிலில்லாத நாளிலும், தலைக்குப் பின்னால் விசிறி உறுமத் தொடங்கினால், காரை நிறுத்தச் சொல்லிக் காற்றுத் துவாரத்தில் கையை வைத்துப் பாருங்கள்.