பழைய குடியிருப்பை இடித்துக் கட்டும் முன் அங்கு வாழ்வோரிடம் கருத்துக் கேட்பது எப்படி?

சென்னையில் குடிசை மாற்று வாரியம் 1970ஆம் ஆண்டு முதல் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பல இன்று காரை பெயர்ந்து கம்பி தெரிய நிற்கின்றன. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட ஒரு பழைய பிளாக் அப்படியே சரிந்தது. மக்கள் முன்கூட்டியே வெளியேறியிருந்ததால் உயிர்ச்சேதம் நேரவில்லை. அதே ஆண்டில்தான் வாரியத்தின் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. பழுதடைந்த பிளாக்குகளை இடித்துவிட்டு அதே இடத்தில் உயரமான கட்டடம் எழுப்பி, இருந்தவர்களுக்கே திரும்ப வீடு கொடுப்பதை ‘மறுகட்டுமானம்’ என்கிறார்கள். அத்தகைய திட்டத்தில் மக்களிடம் கருத்துக் கேட்கும் பொறுப்பு முதன்முறையாக வந்து சேர்ந்திருக்கும் நலச்சங்க இளைஞர்களுக்கும், சமுதாய வளர்ச்சிப் பணியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் இந்தச் செய்முறையை எழுதுகிறேன்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று முதலில் தேடுவீர்கள். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டையும் பொது விசாரணையையும் கேட்கிறது. ஆனால் வாரியம் தன் சொந்த நிலத்தில் கட்டும்போது கையகப்படுத்தல் என்ற பேச்சே எழுவதில்லை. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் 2006ஆம் ஆண்டின் அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றாலும், கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து அதே அறிவிக்கை விலக்கு அளித்துவிடுகிறது. ஆகவே கூட்டத்தை எப்படி நடத்துவது என்பதற்கு அந்த இரண்டிலும் உங்களுக்கு வழிகாட்டல் கிடைக்காது. நன்றாகவோ மோசமாகவோ நடப்பது பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

முதல் படி: எது இன்னும் முடிவாகவில்லை என்று எழுதுங்கள்

கூட்டத்துக்குத் தேதி குறிக்கும் முன் பொறியாளருடன் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஒரு தாளை நடுவில் கோடிட்டுப் பிரித்து, இடப்பக்கம் முடிவாகிவிட்டவற்றையும் வலப்பக்கம் இன்னும் மாற்றக்கூடியவற்றையும் எழுதச் சொல்லுங்கள். கட்டடம் இடிக்கப்பட வேண்டியது, மொத்த வீடுகளின் எண்ணிக்கை, நிதித் திட்டம் வகுத்த வீட்டின் பரப்பு ஆகியவை பொதுவாக இடப்பக்கம் போய்விடும். சமையலறை எந்தப் பக்கம், கதவு எங்கே, எந்தத் தளம் யாருக்கு, வாசலில் இட்லிக் கடை போட்டிருப்பவருக்கு என்ன வழி, பிளாக்குகளுக்கு நடுவில் இருக்கும் அம்மன் கோயில் எங்கே போகும், எந்த மாதத்தில் காலி செய்வது என்பவை வலப்பக்கம் வரலாம்.

வலப்பக்கம் வெறுமையாக இருந்தால் கூட்டம் போடாதீர்கள். ‘தகவல் தெரிவிக்கிறோம்’ என்று நேர்மையாக ஓர் அறிவிப்பை ஒட்டிவிடலாம். முடிவான ஒன்றைப் பற்றி அபிப்பிராயம் கேட்டுவிட்டுக் கடைசியில் கையை விரிப்பவர்களை இந்த மக்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். உங்களையும் அந்த வரிசையில் நிறுத்த அவர்களுக்கு அதிக நேரம் ஆகாது.

இரண்டாம் படி: வீடு வீடாகப் போய் யார் இருக்கிறார்கள் என்று அறியுங்கள்

ஒதுக்கீட்டுப் பட்டியலை மட்டும் நம்பினால் பாதிப் பேர் கண்ணில் படமாட்டார்கள். ஒதுக்கீட்டு ஆணை பெற்றவர் இறந்து, வாரிசு பெயருக்கு மாற்றாமல் விட்ட வீடுகள் இருக்கும். ஒரே அறையைத் துணித் திரையால் பிரித்து அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் இருக்கும். உள்வாடகைக்கு இருப்பவர்கள் உங்களைக் கண்டதும் கதவைச் சாத்துவார்கள், ஏனெனில் கணக்கெடுப்பு என்பது அவர்களுக்கு வெளியேற்றத்தின் முதல் அறிகுறி. அவர்களிடம் எழுதி வாங்கும் தகவல் யாரிடம் போகும், எதற்குப் பயன்படும் என்பதை நீங்கள் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு அப்படியே சொல்லுங்கள். ‘உங்களுக்கும் வீடு கிடைக்கும்’ என்று வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: நேரமும் இடமும்

வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் இருக்கமாட்டார்கள். ஆட்டோ ஓட்டுபவர்கள் மாலையில் இருக்கமாட்டார்கள். தண்ணீர் வரும் நேரத்தில் எவரும் வரமாட்டார்கள். எனவே முழுக் குடியிருப்புக்கும் சேர்த்து ஒரே பெரிய கூட்டம் போடுவதைவிட, பிளாக்குக்கு ஒன்றாக, அந்தப் பிளாக்கின் வாசலிலேயே, வெவ்வேறு நேரங்களில் சிறு கூட்டங்கள் நடத்துவது நல்லது. மேடை வேண்டாம், சால்வை வேண்டாம். மைக் கையில் கிடைத்தால் பேசுபவர்கள் எப்போதும் அதே நான்கு பேர்தான். படுக்கையில் இருப்பவர்களையும் மாடி இறங்க முடியாத முதியவர்களையும் வீட்டிலேயே போய்ப் பாருங்கள். மின்தூக்கி பற்றிய மிகக் கூர்மையான கேள்விகள் அவர்களிடமிருந்துதான் வரும்.

நான்காம் படி: வீட்டைத் தரையில் வரைந்து காட்டுங்கள்

இந்தப் படிக்காகவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன் என்றும் சொல்லலாம். நான் நடத்திய முதல் கூட்டத்தில் கணினியில் செய்த வண்ணப் படம் ஒன்றைப் பெரிய பேனராக அடித்து மாட்டினோம். நீல வானம், பச்சைப் புல்வெளி, பலூன் பிடித்த குழந்தை எல்லாம் அதில் இருந்தன. ‘நல்லா இருக்குங்க’ என்று சொல்லிவிட்டு எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள், அந்தக் கூட்டத்தில் நாங்கள் தெரிந்துகொண்டது ஒன்றுமில்லை.

அடுத்த முறை இரண்டு கிலோ கோலமாவும் ஓர் அளவு நாடாவும் கொண்டுபோனோம். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான வீட்டுக்கு, 2015இல் தொடங்கிய பிரதமர் வீட்டு வசதித் திட்டம் அப்போது வைத்திருந்த உச்ச வரம்பு, சுவருக்குள் அடங்கும் தரையாக 30 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 323 சதுர அடி. பிளாக்கின் முன்னால் இருந்த சிமெண்டுத் தரையில் 5 மீட்டருக்கு 6 மீட்டர் செவ்வகம் போட்டு, வரைபடத்தில் உள்ளபடியே அறை, சமையலறை, குளியலறை, கழிப்பறை, கதவு திறக்கும் வளைவு என்று ஒவ்வொன்றையும் உண்மை அளவில் கோடிழுத்தோம். கோடு கோணலாகப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் மாவுக் கிண்ணத்தை எங்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பின் கூட்டம் அவர்களுடையதாகிவிட்டது.

ஓர் அக்கா தன் வீட்டுக் கட்டிலையே நான்கு பேரை வைத்துத் தூக்கி வரச் செய்து அந்த அறைக்குள் போட்டார். கதவு திறக்கும் வளைவைக் காலால் நடந்து பார்த்துவிட்டு, “இப்படித் தொறந்தா கட்டில்ல இடிக்குதேப்பா, அப்ப பீரோவை எங்க வைக்கிறது?” என்று கேட்டார். வரைபடம் போட்டவருக்கு அது வரை தோன்றாத கேள்வி அது. தண்ணீர் பிடித்து வைக்கும் இரண்டு டிரம்களுக்குச் சமையலறையில் இடமில்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆண்கள் பக்கமிருந்து வந்த முதல் கேள்வி வேறு விதமானது: யாராவது இறந்துவிட்டால் ஐஸ் பெட்டியை எங்கே வைப்பது, எட்டாவது மாடியிலிருந்து உடலை இறக்கும்போது படிக்கட்டின் வளைவில் பாடை திரும்புமா என்று கேட்டார்கள். படிக்கட்டையும் தரையில் வரைந்து, ஒரு மூங்கில் ஏணியைப் பாடையாகப் பாவித்துத் திருப்பிப் பார்த்தோம், திரும்பவில்லை.

ஐந்தாம் படி: கணக்கை வெளிப்படையாகப் போடுங்கள்

புதிய கட்டடம் வந்தால் தண்ணீர் போதுமா என்ற கேள்வி, உள்ளே இருப்பவர்களைவிடச் சுற்றியுள்ள தெருக்களில் வசிப்பவர்களிடமிருந்து அதிகம் வரும். அவர்களையும் ஒரு கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். பொதுவாகச் சமாதானம் சொல்லாமல் ஒரு கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். 400 வீடுகள், வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான அளவின்படி 2,16,000 லிட்டர் தேவைப்படும். 9,000 லிட்டர் லாரியில் சொன்னால் 24 லாரித் தண்ணீர். அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பி வரும். இப்போதுள்ள குழாயும் சாக்கடையும் இதைத் தாங்குமா என்பதற்குப் பொறியாளரின் பதிலை எழுத்தில் வாங்கி, அடுத்த கூட்டத்தில் வாசிக்க வேண்டும்.

பணக் கணக்கும் அப்படித்தான். மறுகட்டுமானத்துக்காகக் காலி செய்யும் குடும்பங்களுக்கான கருணைத் தொகை ரூ. 8,000இலிருந்து ரூ. 24,000ஆக உயர்த்தப்பட்டது. வேலை 18 மாதம் நடந்தால் அது மாதத்துக்கு ரூ. 1,333தான். இந்தக் கணக்கை அவர்கள் உங்களுக்கு முன்பே போட்டுவைத்திருப்பார்கள் என்பதால், தொகையைப் பெருமையாக அறிவிப்பதை விட்டுவிட்டு, வாடகை முன்பணத்துக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கல்வியாண்டின் நடுவில் காலி செய்யச் சொல்லக் கூடாது என்ற கோரிக்கை அநேகமாக எல்லாக் கூட்டங்களிலும் வரும். நான் அறிந்தவரை நிறைவேற்றுவதற்கு மிக எளிதானதும் அதுவே. மின்தூக்கிக்கும் பொதுவிளக்குக்கும் மாதந்தோறும் பராமரிப்புத் தொகை கட்ட வேண்டியிருக்கும் என்றால், அதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

ஆறாம் படி: பதிவு செய்யும்போது கையெழுத்தில் கவனம்

வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட மக்கள் தயங்குவார்கள். பேனாவை நீட்டியதும் நான்கைந்து பேர் நழுவிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். முன்பு எங்கோ ஒரு கூட்டத்தில் போட்ட கையெழுத்து, பிறகு காலி செய்யச் சம்மதித்ததற்கான ஆதாரமாகக் காட்டப்பட்ட கதை ஒவ்வொரு குடியிருப்பிலும் உலவுகிறது. எனவே பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் ‘இது வருகைப் பதிவு மட்டுமே, திட்டத்துக்கான சம்மதம் அல்ல’ என்று அச்சிடுங்கள். மறுப்பவரை வற்புறுத்தாதீர்கள், தலைகளை எண்ணி எழுதிக்கொண்டால் போதும்.

கை தூக்கச் சொல்லி முடிவெடுப்பதையும் தவிர்த்துவிடலாம், ஏனெனில் ஓரத்தில் கட்சிக்காரர் நின்று பார்த்துக்கொண்டிருக்கையில் தூக்கப்படும் கைகளுக்கு அதிகப் பொருள் இல்லை. சொன்னதைச் சொன்ன மொழியிலேயே எழுதுங்கள். ‘கட்டில் இடிக்குது’ என்பதை ‘உட்புற இடவசதி குறித்த ஆலோசனை பெறப்பட்டது’ என்று மாற்றினால் அதைப் படிக்கும் பொறியாளர் எதையும் திருத்தமாட்டார். கூட்டம் கலைவதற்கு முன் எழுதியதை உரக்க வாசித்து, ஒரு நகலைப் பிளாக்கின் சுவரிலேயே ஒட்டுங்கள்.

ஏழாம் படி: பதில் சொல்லுங்கள்

பதினைந்து நாட்களுக்குள் திரும்பிப் போவது என் வழக்கம்; அதற்கு மேல் தாமதித்தால் வதந்தி உங்களை முந்திக்கொள்ளும். மூன்று பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை தயாரியுங்கள்: அவர்கள் சொன்னது, அதனால் மாறியது, மாறாவிட்டால் அதன் காரணம். ‘பரிசீலிக்கப்படும்’ என்ற சொல்லை அதில் ஓரிடத்திலும் எழுதாதீர்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று ஒரு வரி போதும். எங்கள் அட்டவணையில் அறைக் கதவு மறுபக்கம் திறக்குமாறு மாறியிருந்தது. ஐஸ் பெட்டிக்கும் பந்தலுக்கும் தரைத்தளத்தில் ஒரு கூடம் ஒதுக்கப்பட்டிருந்தது. படிக்கட்டை அகலப்படுத்தினால் தளத்துக்கு ஒரு வீடு குறையும் என்பதால் அதற்குப் பதிலாக ஸ்ட்ரெச்சர் நுழையும் ஆழத்தில் ஒரு மின்தூக்கி வைப்பதாகக் காரணத்தோடு எழுதியிருந்தோம். அதை மூன்று பேர் ஏற்கவில்லை; மின்சாரம் இல்லாத நாளில் என்ன செய்வது என்ற அவர்களுடைய கேள்வியை அந்த அட்டவணையிலேயே புதிய வரிசையாகச் சேர்த்தோம்.

இரண்டாம் கூட்டத்துக்குப் போகும்போதும் கோலமாவை மறக்க வேண்டாம். திருத்திய வரைபடத்தை அதே தரையில் மீண்டும் போட்டு, அந்தக் கட்டிலையே மறுபடி தூக்கி வரச் சொல்லுங்கள்.