அடி எண்ணும் கருவி வாங்கியாச்சா? முதலில் நூறு அடி நடந்து பாருங்கள்

பெடோமீட்டர் என்ற பெயரில் இரண்டு மொழிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முன்பாதி லத்தீன்: பாதம். பின்பாதி கிரேக்கம்: அளவு. ஆனால் கருவி பாதத்தைப் பார்ப்பதே இல்லை. அடி வைக்கும்போது உடம்பு குலுங்குகிறதே, அதைத்தான் எண்ணுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

படி 1: மாட்டும் இடம்

இடுப்பில் செருகும் வகை என்றால் முழங்காலுக்கு நேர்மேலே, செங்குத்தாக இருக்கட்டும். பழைய வகைக்குள் ஸ்பிரிங்கில் ஒரு சின்னத் தண்டு மேலும் கீழும் ஆடும். லேசாகக் குலுக்கினால் ‘டிக்’ என்று கேட்கும். கருவி சாய்ந்தால் தண்டு சரியாக ஆடாது, அடிகள் விட்டுப்போகும். சேலை கட்டுபவர்கள் கொசுவத்தில் செருக வேண்டாம், துணியோடு கருவியும் கவிழும். உள்பாவாடை நாடாவில் செருகினால் நிற்கும். போனிலும் கைக்கடிகாரத்திலும் இருப்பது அசைவை உணரும் சிப். அதற்குச் சாய்வு ஒரு பொருட்டில்லை.

படி 2: நூறு அடி

திரையில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, வாய்விட்டு எண்ணியபடி இயல்பாக நூறு அடி நடங்கள். 97 முதல் 103 வரை கூடியிருந்தால் நல்ல கருவி. 88 என்றால் இடம் மாற்றி மறுபடி நடங்கள். கைக்கடிகாரம் கட்டியவர்கள் குழந்தையின் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டும் ஒருமுறை பாருங்கள். கை ஆடாததால் எண்ணிக்கை குறையலாம். மாறாக, குண்டும் குழியுமான சாலையில் வண்டி ஓட்டினால் நடக்காமலே ஏறும்.

படி 3: அடியின் நீளம்

பத்து அடி நடந்து, தொடங்கிய கட்டைவிரல் நுனியிலிருந்து முடிந்த கட்டைவிரல் நுனிவரை டேப் பிடியுங்கள். 6.2 மீட்டர் என்றால் ஓர் அடி 62 செ.மீ. அதைக் கருவியில் பதிந்தால்தான் கிலோமீட்டர் கணக்கு உங்களுடையதாகும்.

படி 4: இலக்கு

எல்லாரும் சொல்லும் 10,000 ஒரு ஜப்பானியக் கருவியின் பெயரிலிருந்து பரவியது. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருடம், 1965-இல், யமாசா நிறுவனம் ‘மன்போகெய்’யை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ‘மன்’ பத்தாயிரம், ‘போ’ அடி, ‘கெய்’ அளவி. மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவு அல்ல அது. சராசரி வயது 72 உள்ள அமெரிக்கப் பெண்களிடம் செய்து 2019-இல் வெளியான ஆய்வில், சுமார் 7,500 அடிக்கு மேல் ஆயுள் பலன் கூடவில்லை. ஆகவே 10,000 எட்டவில்லையே என்று யாரும் மனம் தளர வேண்டாம்.

முதல் வாரம் எதையும் மாற்றாமல் தினசரி எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள். மறுவாரம் அந்தச் சராசரியோடு 1,000 சேருங்கள். எழுந்ததும் மாட்டி, படுக்கும்போதுதான் கழற்ற வேண்டும். மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனதும் கணக்குத்தான்.