டெலா குரூஸ் என்னும் குடும்பப் பெயர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிலிப்பைன்ஸ் நாட்டில் மிகப் பரவலாக வழங்கும் குடும்பப் பெயர் டெலா குரூஸ். ‘சிலுவையைச் சேர்ந்த’ என்று பொருள்படும் ‘டெ லா குரூஸ்’ என்ற ஸ்பானியத் தொடர்தான் அங்கே இவ்வாறு இணைந்து வழங்குகிறது. பொருளில் குழப்பம் ஏதும் இல்லை; குழப்பமெல்லாம் வரலாற்றில்தான் வருகிறது. இப்பெயரை விளக்க முற்படுவோர் பலரும் ஸ்பெயினில் அது தோன்றிய விதத்தைச் சொல்லிவிட்டு, அதையே பிலிப்பைன்ஸ் குடும்பங்களின் பூர்வீகமாகவும் எழுதிவிடுகிறார்கள். மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு தவறிலிருந்தே கிளைக்கின்றன.

பெயர் ஸ்பானியப் பெயராக இருப்பதால் குடும்பமும் ஸ்பானியக் குடும்பம் என்று கொள்வது முதல் தவறு. 1565 முதல் 1898 வரை ஸ்பெயின் அந்தத் தீவுகளை ஆண்டது உண்மையே. ஆயினும் அங்கே குடியேறிய ஸ்பானியர் சிலரே. அவர்களிலும் பெரும்பாலோர் மணிலாவை விட்டு வெளியே வாழவில்லை. ஊர்கள்தோறும் சென்றவர்கள் துறவற சபைக் குருக்கள். பிலிப்பைன்ஸ் மக்களிடம் அதுவரை தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் என்ற வழக்கம் பரவலாக இருக்கவில்லை. திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றபோது ஒரு புனிதரின் பெயரோடு, சிலுவை, புனிதர்கள், மூவரசர்கள் போன்ற பக்திச் சொற்களும் சேர்ந்துகொண்டன. டெ லா குரூஸ், டெ லோஸ் சாந்தோஸ், டெ லோஸ் ரெயெஸ் ஆகிய பெயர்கள் இவ்வாறே பெருகின. தமிழ் வாசகருக்கு இது புதிய செய்தியன்று. முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் திருமுழுக்குப் பெற்றபோது போர்ச்சுகீசியப் பெயர்களை ஏற்றார்கள். தூத்துக்குடிக்குக் குடிநீர் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்தைப் போர்ச்சுகீசியர் என்று எவரும் எண்ணுவதில்லை. டெலா குரூஸ் குடும்பங்களையும் அவ்வாறே நோக்க வேண்டும்.

இரண்டாவது தவறு இதைவிடப் பரவலானது. ஓரளவு படித்தவர்களையும் அது ஏமாற்றிவிடுகிறது. பிலிப்பைன்ஸில் உள்ள ஸ்பானியப் பெயர்கள் அனைத்தையும் 1849ஆம் ஆண்டு ஆணையின் விளைவு என்று எழுதுவதே அத்தவறு. அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று தலைமை ஆளுநர் நார்சிசோ கிளாவெரியா ஓர் ஆணை பிறப்பித்தார். வரி வசூலிக்கவும், நீதி வழங்கவும், திருமணம் செய்ய விரும்புவோர் நெருங்கிய இரத்த உறவினரா என்று குருமார் ஆராயவும் நிலையான குடும்பப் பெயர்கள் தேவைப்பட்டன. அதற்கென்று அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அகரவரிசைப் பட்டியல் ஒன்று தொகுக்கப்பட்டது. ஸ்பானியப் பெயர்கள் மட்டுமின்றி உள்ளூர் மொழிச் சொற்களும், செடிகொடிகளின் பெயர்களும், ஊர்ப்பெயர்களும் அதில் இருந்தன. பட்டியலின் பக்கங்கள் மாகாணங்களுக்கும் அங்கிருந்து ஊர்களுக்கும் பகிர்ந்து அனுப்பப்பட்டன. பங்குக் குருவும் ஊர்த் தலைவரும் முன்னிற்க, குடும்பத் தலைவர்களுக்குப் பெயர்கள் ஒதுக்கப்பட்டன. பிள்ளைகள் பதிவில் உள்ள பெயரையே பயன்படுத்துமாறு பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பள்ளி ஆசிரியர்களுக்கும் தரப்பட்டது.

இந்த ஆணையில் டெலா குரூஸ் பெற்ற இடம் முற்றிலும் வேறு. நான்கு தலைமுறைகளாக ஒரே பெயரைத் தாங்கிவந்ததை மெய்ப்பிக்கும் குடும்பங்கள், அது புனிதர் ஒருவரின் பெயராக இருந்தாலும், அதையே வைத்துக்கொள்ளலாம் என்று ஆணை சலுகை அளித்தது. ஆனால் டெ லா குரூஸ், டெ லோஸ் சாந்தோஸ் போன்றவற்றைப் பெயர் சுட்டி அச்சலுகையிலிருந்து விலக்கியது. அவை மிகப் பலரிடம் இருப்பதால் குழப்பம் நீடிக்கும் என்று காரணமும் கூறியது. ஆகவே, கிளாவெரியா கொடுத்த பெயர் டெலா குரூஸ் என்று எழுதுவது உண்மையைத் தலைகீழாக்குவதாகும். அவர் குறைக்க நினைத்த பெயர் அது. ஆணை எல்லா ஊர்களிலும் ஒரே உறுதியோடு நிறைவேறவில்லை என்பதும், அப்பெயர் அதற்குள் ஆழ வேரூன்றிவிட்டது என்பதும் அது இன்றும் முதலிடத்தில் இருப்பதிலிருந்து விளங்கும். இந்தப் பெயரின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இதுவே. பேரரசின் ஆணையைவிட மக்களின் பழக்கம் வலிமையாக நின்றிருக்கிறது.

பெயரின் முதலெழுத்தைக் கொண்டு சொந்த ஊரைக் கண்டுபிடிக்கும் முறையையும் சிலர் இப்பெயருக்குப் பொருத்திப் பார்க்கிறார்கள். அந்த முறைக்கு அடிப்படை உண்டு. அப்போது ஒரே ஆட்சிப் பகுதியாக இருந்த அல்பாய், சோர்சோகோன், கட்டாண்டுவானெஸ் பகுதிகளில் பட்டியல் ஊர் ஊராகப் பிரித்துக் கொடுக்கப்பட்டதால், அல்பாயின் ஓவாஸ் ஊரில் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பெயர்கள் இன்றும் மிகுதியாக உள்ளன. டெலா குரூஸ் அவ்வாறு பங்கிடப்பட்ட பெயர் அன்று. அது நாடெங்கும் தனித்தனியே எண்ணற்ற முறை தோன்றியது. அதனால் இப்பெயரைக் கொண்ட இருவரை உறவினர் என்று கருதவும் இடமில்லை. மறுபுறம், ஒரே குடும்பத்துக்குள்ளேயே பெயர்கள் வேறுபட்டதும் உண்டு. பிலிப்பைன்ஸின் தேசிய வீரர் ஹோசே ரிசாலின் குடும்பம் முன்னர் மெர்காடோ என்ற பெயரைத் தாங்கியது; அவருடைய சீன மூதாதை டொமிங்கோ லாம்-கோ ஏற்ற பெயர் அது. ரிசால் என்பது பின்னர் சேர்ந்தது.

அன்றாட வாழ்வில் அதிகத் தொல்லை தருவது பெயரை எழுதும் முறை. ‘டெலா’ என்பதை நடுப்பெயராகவும் ‘குரூஸ்’ என்பதை மட்டும் குடும்பப் பெயராகவும் படிவங்களில் பிரித்து எழுதுவது பிழை; குரூஸ், சாந்தா குரூஸ், டெலா குரூஸ் ஆகிய மூன்றும் வெவ்வேறு குடும்பப் பெயர்கள். மரியா சாந்தோஸ் டெலா குரூஸ் என்று ஒருவர் பெயர் இருந்தால், மரியா அவருடைய சொந்தப் பெயர். சாந்தோஸ் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர். டெலா குரூஸ் தந்தையின் குடும்பப் பெயர். ஸ்பெயினில் தந்தையின் பெயர் முன்னும் தாயின் பெயர் பின்னும் வரும் என்பதால், அந்த வரிசையை இங்கே பொருத்தினால் தாய் தந்தையர் இடம் மாறிவிடுவர். அகரவரிசையிலும் வேறுபாடு உண்டு. ஸ்பெயினில் இப்பெயரைக் ‘குரூஸ்’ என்ற சொல்லின் கீழ் வரிசைப்படுத்துவார்கள்; பிலிப்பைன்ஸில் ‘டெலா’ என்பதன் கீழ் தேட வேண்டும். சேர்த்தோ பிரித்தோ, பெரிய எழுத்திலோ சிறிய எழுத்திலோ, பிறப்புச் சான்றிதழில் உள்ளவாறே எல்லா ஆவணங்களிலும் எழுதுவது பாதுகாப்பானது. சான்றிதழிலேயே எழுத்துப்பிழை இருந்தால், 2001ஆம் ஆண்டின் 9048ஆம் எண் குடியரசுச் சட்டப்படி நீதிமன்றம் செல்லாமலே உள்ளூர்ப் பதிவாளர் வழியாகத் திருத்த முடியும். குடும்பப் பெயரையே மாற்றுவதற்கு அச்சட்டம் இடம் தரவில்லை.

ஹுவான் டெலா குரூஸ் என்ற பெயரைக் குறிப்பிட்ட ஒரு மனிதராக எண்ணி மொழிபெயர்ப்போரும் உள்ளனர். பிலிப்பைன்ஸ் இதழ்களில் அது சாதாரணக் குடிமகனைக் குறிக்கும். ஸ்காட்லாந்தில் பிறந்த இதழாளர் மெக்கல்லக்-டிக், காவல் நிலையப் பதிவுகளில் அடிக்கடி கண்ட அப்பெயரை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கில் கொண்டுவந்தார். சாலகோட் என்னும் மரபுத் தொப்பி அணிந்து கேலிச்சித்திரங்களில் வரும் அந்த உருவமும், 1591இல் மறைந்த ஸ்பானியத் துறவி புனித சிலுவை அருளப்பரும் பெயரால் மட்டுமே ஒன்றுபடுகிறார்கள்.

எண்ணிக்கை விவரங்களைப் படிக்கும்போது, எழுத்து வேறுபாடுகள் சேர்த்து எண்ணப்பட்டனவா, தனித்தனியாகவா என்று பார்க்க வேண்டும். தனித்தனியாக எண்ணினால் இப்பெயரின் உண்மையான பரவல் குறைவாகவே தெரியும். குடும்பச் சின்னம் என்று விற்கப்படும் கேடயப் படங்களை வாங்க வேண்டாம். ஸ்பெயினில் அத்தகைய சின்னம் குறிப்பிட்ட வழிமரபுக்கு உரியதேயன்றி, ஒரு பெயரைத் தாங்கிய எல்லோருக்கும் உரியதன்று.

முன்னோரைத் தேடுவோர் 1849-50ஐ ஒட்டிய ஆண்டுகளில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். பங்குத் திருமுழுக்கு ஏடுகளில் அதற்கு முன் டெலா குரூஸ் என்று எழுதப்பட்டவரே அதன் பின் முற்றிலும் வேறொரு பெயரில் காணப்படலாம். எனவே குடும்பப் பெயரை மட்டும் பின்தொடராமல், சொந்தப் பெயர், துணைவர் பெயர், ஞானப்பெற்றோர், வாழ்ந்த ஊர் ஆகிய நான்கையும் ஒப்பிட்ட பிறகே ஒருவரை முன்னோர் வரிசையில் சேர்க்க வேண்டும்.