தொட்டியின் நீர்மட்டத்தைக் கண்காணித்துக் கட்டுப்படுத்துவது எப்படி: தொடக்கநிலையினருக்கான செய்முறை

தொட்டி நிரம்பி வழிந்தாலும், நீர் தீர்ந்த பிறகும் பம்ப் ஓடிக்கொண்டிருந்து அதன் சீல் (நீர் கசியாமல் அடைக்கும் பகுதி) கருகினாலும், தவறு பெரும்பாலும் சென்சாரில் இருப்பதில்லை. எந்த மட்டத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்யாமல் கருவியை வாங்கி மாட்டியதில்தான் இருக்கிறது. ஒரு பம்ப் நிரப்பும் ஒரு நீர்த்தொட்டியை எடுத்துக்கொண்டு, அளவெடுப்பதிலிருந்து இறுதிச் சோதனை வரை இங்கே வரிசையாகப் பார்க்கலாம். பெட்ரோல், கரைப்பான் போன்ற எளிதில் தீப்பற்றும் திரவங்களுக்கு இந்த முறை பொருந்தாது. அவற்றுக்கு வெடிப்பு அபாயமுள்ள இடங்களுக்கெனச் சான்றளிக்கப்பட்ட கருவிகளும், அதில் பயிற்சி பெற்றவர்களும் தேவை.

படி 1: தொட்டியை அளந்து மட்டங்களைக் குறியுங்கள்

முதலில் எடுக்க வேண்டிய கருவி அளவுநாடாதான். தொட்டியின் உள்விட்டத்தையும், அடித்தளத்திலிருந்து வெளியேறு குழாயின் உயரத்தையும், வழிவுக் குழாயின் கீழ்விளிம்பு உயரத்தையும் அளந்து, ஒரு தாளில் தொட்டியின் குறுக்குவெட்டுப் படமாக வரையுங்கள். உள்விட்டம் 100 செ.மீ. உள்ள உருளைத் தொட்டியில் ஒவ்வொரு செ.மீ. உயரத்துக்கும் ஏறத்தாழ 7.85 லிட்டர் நீர் நிற்கும். உங்கள் பம்ப் நிமிடத்துக்கு 50 லிட்டர் தருமானால், மட்டம் நிமிடத்துக்குச் சுமார் 6.4 செ.மீ. ஏறும். இந்த ஓர் எண் தெரிந்துவிட்டால் மற்ற முடிவுகள் அனைத்தும் கணக்காகிவிடும்.

வழிவுக் குழாய் 102 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பம்ப் ஓடத் தொடங்கும் மட்டம் 30, நிற்கும் மட்டம் 90, அபாய மட்டம் 96 என்று குறிக்கலாம். 30-க்கும் 90-க்கும் இடையில் இத்தனை பெரிய இடைவெளி எதற்கு என்று பலரும் கேட்பார்கள். அந்த இடைவெளி வெறும் 2 செ.மீ. என்றால், 19 நொடிகளில் அது நிரம்பிவிடும். யாராவது குழாயைத் திறந்து வைத்திருந்தால் பம்ப் ஓடுவதும் நிற்பதுமாகத் துடித்துக்கொண்டே இருக்கும். நேரடியாக இயக்கப்படும் மோட்டார் ஒவ்வொரு தொடக்கத்திலும் தன் இயல்பான மின்னோட்டத்தைப்போல் ஐந்து முதல் எட்டு மடங்கு வரை இழுப்பதால், சுருள் சூடேறும். மோட்டாரின் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்த சுவிட்சான காண்டாக்டரின் முனைகள் தேயும். 60 செ.மீ. இடைவெளியில் ஒரே ஓட்டம் ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீடிக்கும். மோட்டாருக்கு அதுவே நல்லது.

படி 2: எந்த சென்சார்?

தொடக்கநிலையினருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது கேபிள் மிதவை சுவிட்ச்: கேபிளில் தொங்கும் மிதவை நீரோடு மேலெழும்போது அதனுள் இருக்கும் சுவிட்ச் நிலை மாறும். உள்ளே ஒரு சுவிட்ச் மட்டுமே இருப்பதால், அது வேலை செய்கிறதா என்பதைக் கையால் தூக்கிப் பார்த்தே அறியலாம்.

மின்முனைக் கம்பிகளை நீரில் தொங்கவிடும் முறை மலிவானது. ஆனால் அவற்றில் நேர்மின்சாரம் செலுத்தினால் மின்னாற்பகுப்பு நிகழ்ந்து ஒரு கம்பி அரித்துப்போகும். எனவே மாறுமின்சாரம் செலுத்தும் ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) தேவை. எண்ணெயும் காய்ச்சி வடித்த நீரும் மின்சாரத்தைப் போதிய அளவு கடத்தாதவை என்பதால், அவற்றுக்கு இந்த முறை பயன்படாது.

மட்டத்தை எண்ணாகப் பார்க்க விரும்புவோர் பெரும்பாலும் அல்ட்ராசோனிக் சென்சாரைத் தேடுகிறார்கள். அது ஒலி போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தொலைவைக் கணக்கிடுகிறது. 20 டிகிரி செல்சியஸில் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் அது சுமார் 0.6 மீட்டர் கூடும். வெயிலில் தொட்டிக்குள் இருக்கும் காற்று 40 டிகிரியை எட்டினால், வெப்பத் திருத்தம் இல்லாத சென்சார் 100 செ.மீ. தொலைவைச் சுமார் 97 செ.மீ. என்று காட்டும், அதாவது நீர் உண்மையில் இருப்பதைவிட மூன்று செ.மீ. உயரமாக இருப்பதாகத் தெரியும். தவிர, சென்சாரின் முகத்துக்கு நேர்கீழே சிறிது தூரம் வரை அதனால் அளக்கவே இயலாது. எளிய வகைகளில் இந்தக் குருட்டுப் பகுதி 20 செ.மீ. அளவுக்கும் இருக்கும். ஆகவே மிக உயர்ந்த நீர்மட்டத்துக்கு மேலே அந்த இடைவெளியை விட்டுத்தான் அதைப் பொருத்த வேண்டும்.

அழுத்த சென்சார் தொட்டியின் அடியில் அமர்ந்து, மேலே நிற்கும் நீரின் அழுத்தத்தை அளக்கிறது. ஒரு மீட்டர் நீருக்கு 9.81 கிலோபாஸ்கல் என்பது கணக்கு. நுரையும் நீராவியும் அதைப் பாதிக்காது. திரவத்தின் அடர்த்தி மாறினால் மட்டும் அளவு மாறும். இவ்வகைக் கருவிகளில் 4 முதல் 20 மில்லியாம்பியர் வரையிலான சைகை வழக்கத்தில் இருப்பதற்கு நல்ல காரணம் உண்டு: தொட்டி காலியாக இருந்தாலும் 4 வரும், சுழியம் வந்தால் கம்பி அறுந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

படி 3: மிதவைகளைப் பொருத்துதல்

மின் இணைப்பை முழுவதுமாகத் துண்டித்த பிறகே தொட்டியைத் திறக்க வேண்டும். மூடிய பெரிய தொட்டிக்குள் தனியாக இறங்கவே கூடாது. உள்ளே ஆக்சிஜன் குறைந்திருக்கலாம்.

நான் முதலில் அமைத்த தொட்டியில், உள்வரும் நீரின் வேகம் மிதவையைத் தள்ளிக்கொண்டுபோய், அதன் கேபிளை வெளியேறு குழாயின் கழுத்தில் சுற்றிவிட்டது. நீர் ஏறியும் மிதவை கவிழ்ந்தபடியே கிடந்தது. அதன் பிறகு, உள்வரும் குழாய்க்கு எதிர்ப்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, மிதவைகளின் கேபிள்களை அந்தந்த உயரத்தில் அதனோடு கட்டிவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். கட்டிய இடத்திலிருந்து மிதவை வரை 10 முதல் 15 செ.மீ. கேபிள் தளர்வாக இருந்தால் போதும். ஒன்றின் வீச்சு மற்றொன்றைத் தொடக் கூடாது.

படி 4: கட்டுப்பாட்டுச் சுற்று

மிதவைகளின் வழியே மோட்டாரின் மின்சாரத்தைச் செலுத்தாதீர்கள். 24 வோல்ட் மின்வழங்கியும், 24 வோல்ட் காயில் (மின்சாரம் பாய்ந்தால் முனைகளை மூடும் சுருள்) கொண்ட காண்டாக்டரும் பயன்படுத்தினால், நீருக்குள் செல்லும் கேபிளில் ஆபத்தான மின்னழுத்தம் இருக்காது. மோட்டார் இணைப்பில் 30 மில்லியாம்பியர் மின்கசிவுப் பாதுகாப்பு சுவிட்சும், மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் அதை நிறுத்தும், அதன் திறனுக்கேற்ற ஓவர்லோடு ரிலேயும் அவசியம். இந்தப் பகுதியை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் ஒப்படையுங்கள்.

பெரும்பாலான கேபிள் மிதவைகளில் மூன்று கம்பிகள் இருக்கும். மல்டிமீட்டரின் ஒலிச் சோதனையை (இரு கம்பிகள் இணைந்திருந்தால் ஒலி எழும்) வைத்து, மிதவை தொங்கும்போது இணைந்தும் மேலெழும்போது பிரிந்தும் இருக்கும் இரண்டு கம்பிகளைக் கண்டுபிடியுங்கள். 30 மற்றும் 90 செ.மீ. மிதவைகள் இரண்டுக்கும் அந்த இணைப்பே வேண்டும்.

24 வோல்ட் முதலில் மேல் மிதவை (90 செ.மீ.) வழியே செல்லட்டும். அதன் பின் கீழ் மிதவையும் (30 செ.மீ.), காண்டாக்டரின் துணை காண்டாக்டும் (காயில் இயங்கும்போது கூடவே மூடும் சிறு முனை) ஒன்றுக்கொன்று பக்க இணைப்பில் இருக்கட்டும். அங்கிருந்து காயிலுக்குப் போகட்டும். மட்டம் 30-க்குக் கீழே இறங்கியதும் இரண்டு மிதவைகளும் தொங்குவதால் காயில் இயங்கிப் பம்ப் ஓடும். நீர் 30-ஐத் தாண்டிக் கீழ் மிதவை பிரிந்தாலும், துணை காண்டாக்ட் மூடியிருப்பதால் ஓட்டம் தொடரும். 90-இல் மேல் மிதவை பிரிய, எல்லாம் நின்றுவிடும். பின்னர் நீர் குறைந்து மேல் மிதவை மீண்டும் தொங்கினாலும், மட்டம் 30-ஐ எட்டும் வரை பம்ப் அசையாது. மேல் மிதவையின் கம்பி அறுந்தாலும் பம்ப் நிற்கும், வழியாது.

படி 5: தனிக் காவல்

பலர் விட்டுவிடும் படி இது; நான் மிகவும் வலியுறுத்துவதும் இதையே. 96 செ.மீ. மட்டத்துக்கான மூன்றாவது மிதவையை அதே காயிலின் பாதையில் சேர்த்தால், காண்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்ட நாளில் அதனால் எந்தப் பயனும் இராது. காயிலில் மின்சாரம் நின்றாலும் மோட்டார் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆகவே மோட்டாரின் பாதையில் இரண்டாவது காண்டாக்டரைத் தொடராகச் சேர்த்து, அபாய மிதவை அதை மட்டும் துண்டிக்கும்படி அமையுங்கள். கூடவே ஓர் ஒலிப்பானும் இருக்கட்டும். 90-லிருந்து 96-ஐ எட்டக் கிட்டத்தட்ட 56 நொடிகள் ஆகும். அங்கிருந்து வழிவுக் குழாயை எட்ட இன்னொரு 56 நொடி.

2005 டிசம்பர் 11 அன்று இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கில் ஒரு பெட்ரோல் தொட்டியின் மட்டமானி ஒரே அளவைக் காட்டியபடி நின்றுவிட்டது. தொட்டியோ நிரம்பிக்கொண்டே இருந்தது. அதற்கெனவே தனியாக வைத்திருந்த உயர்மட்ட சுவிட்சும் செயல்படவில்லை. வழிந்த பெட்ரோலின் ஆவி வெடித்து 40 பேருக்கு மேல் காயமடைந்தனர். தனிக் காவலை வைப்பதோடு அதைச் சோதித்துக்கொண்டும் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

படி 6: வறண்ட ஓட்டத்தைத் தடுத்தல்

பம்ப் நீரெடுக்கும் கீழ்த்தொட்டியிலும் ஒரு மிதவை வையுங்கள். இது எதிர்மாறானது: மிதக்கும்போது இணைந்தும், தொங்கும்போது பிரிந்தும் இருக்கும் கம்பிகளைத் தேர்ந்து, மேல் மிதவையோடு தொடராகச் சேர்க்க வேண்டும்.

படி 7: உண்மையான நீரைக் கொண்டு சோதியுங்கள்

தொட்டியை 30-க்குக் கீழே காலிசெய்து, அளவுநாடாவோடு நின்று, பம்ப் தொடங்கிய மட்டத்தையும் நின்ற மட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் திட்டமிட்டதிலிருந்து சில செ.மீ. வேறுபடுவது இயல்பு, கட்டைத் தளர்த்தி மிதவையை நகர்த்திச் சரிசெய்யலாம். அடுத்து, பம்ப் ஓடும்போது மேல் மிதவையின் இரண்டு கம்பிகளையும் தற்காலிகமாக ஒன்றோடொன்று இணைத்து, அது பழுதானதைப்போன்ற நிலையை உருவாக்குங்கள். மட்டம் 90-ஐத் தாண்டி 96-ஐ நெருங்கும்போது அபாய மிதவை பம்பை நிறுத்துகிறதா, ஒலிப்பான் ஒலிக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்தத் தற்காலிக இணைப்பை நீக்கிவிட்டதை இரண்டு முறை உறுதிசெய்யுங்கள். அளந்த மட்டங்களையும் சோதித்த தேதியையும் எழுதி, கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். அடுத்த சோதனைக்கு அதற்குக் கீழே இடம் விட்டிருக்கட்டும்.