தடுப்பூசிக்குப் பிறகு குழந்தைக்குக் காய்ச்சல்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

காலையில் ஊசி போட்டிருப்பார்கள். மாலையில் குழந்தை சிணுங்க ஆரம்பிக்கும், இரவில் உடம்பு சுடும். வீடே பரபரப்பாகிவிடும். தவறுகள் நடப்பதும் அந்த நேரத்தில்தான். ஊசியால் வரும் காய்ச்சல் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் தானே போய்விடும். அதைவிட, அதை அடக்க நாம் செய்கிற அவசர வைத்தியத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

அதில் முதலிடம் மருந்தின் அளவுக்கு. பாராசிட்டமால் என்று பெயர் ஒன்றாக இருந்தாலும் எல்லாப் பாட்டிலும் ஒன்றல்ல. டிராப்ஸ் என்று வரும் சின்னப் பாட்டிலில் ஒரு மில்லிக்கே 100 மி.கி. மருந்து இருக்கலாம். சிரப்பில் 5 மில்லிக்கு 120 மி.கி. இருக்கும், 250 மி.கி. உள்ளதும் உண்டு. பொதுவாக ஒரு வேளைக்குக் குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வரைதான் கணக்கு. 5 கிலோ குழந்தை என்றால் 50 முதல் 75 மி.கி. மேலே சொன்ன டிராப்ஸில் அது அரை மில்லியிலிருந்து முக்கால் மில்லி. 120 மி.கி. சிரப்பில் 2 மில்லிக்குச் சற்று மேல் தொடங்கி 3 மில்லி வரை. இப்போது யாரோ "எங்கள் குழந்தைக்கு இரண்டரை மில்லி கொடுத்தோம்" என்று சொன்னதைக் கேட்டு, டிராப்ஸில் இரண்டரை மில்லி கொடுத்தால் என்ன ஆகும்? 250 மி.கி. உள்ளே போய்விடும். கொடுக்க வேண்டியதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அதிக பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும்.

அதனால் மருத்துவரிடம் அளவு கேட்கும்போது கையில் இருக்கும் பாட்டிலைக் காட்டியே கேளுங்கள். குழந்தையின் இன்றைய எடையைச் சொல்லுங்கள். போன ஊசிக்கு எழுதிக்கொடுத்த சீட்டு இந்த மாத எடைக்குப் பொருந்தாது. அளக்க அந்தப் பாட்டிலோடு வந்த டிராப்பரோ மருந்து சிரிஞ்சோ மட்டும்தான். சமையலறை ஸ்பூன் வேண்டாம். இரண்டு வேளைக்கு நடுவே 4 முதல் 6 மணி நேரம் இடைவெளி, 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் போகக் கூடாது. அம்மா ஒரு முறை, அது தெரியாமல் அப்பா ஒரு முறை என்று கொடுப்பதும் சகஜம். ஒரு தாளில் நேரத்தைக் குறித்து பாட்டிலிலேயே ஒட்டிவிட்டால் அந்தக் குழப்பம் இல்லை. சளி மருந்து சிலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். சளி மருந்து கைக்குழந்தைக்குத் தேவையே இல்லை, அது வேறு கதை. ஆஸ்பிரின் கூடவே கூடாது. இபுப்ரோஃபென் ஆறு மாதத்துக்குள் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

சரி, காய்ச்சல் வருவதற்கு முன்பே ஒரு வேளை கொடுத்துவிட்டால் நல்லதுதானே? பலரும் கேட்கிற கேள்வி. 2009இல் செக் குடியரசில் 459 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், முன்கூட்டியே பாராசிட்டமால் கொடுத்தவர்களுக்குக் காய்ச்சல் குறைந்தது. ஆனால் சில தடுப்பூசிகளுக்கு உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளும் குறைந்தது. ஆகவே வழக்கமாக முன்கூட்டிக் கொடுப்பதில்லை. மெனிஞ்சோகாக்கஸ் பி தடுப்பூசி (ஒருவகை மூளைக்காய்ச்சலைத் தடுப்பது) போன்ற ஒன்றிரண்டுக்கு மட்டும் மருத்துவரே கொடுக்கச் சொல்வதுண்டு.

அடுத்தது தெர்மாமீட்டர் மோகம். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் காய்ச்சல். ஆனால் எண்ணுக்கு மருந்து கொடுப்பதில்லை, குழந்தையின் அவதிக்குத்தான் கொடுக்கிறோம். உடம்பு லேசாகச் சுட்டாலும் பால் குடித்து, முகம் பார்த்துச் சிரிக்கும் குழந்தையை விட்டுவிடலாம். நிம்மதியாகத் தூங்கும் குழந்தையை எழுப்பி மருந்து ஊற்றவும் வேண்டாம். புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்வதும் சரியல்ல. டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்துப் பாருங்கள்.

குளிருமே என்று கம்பளியில் சுற்றினால் சூடு வெளியேற வழியில்லாமல் இன்னும் ஏறும். நேர்மாறாக, ஐஸ் தண்ணீரில் துடைத்தால் குழந்தை நடுங்கும். நடுக்கமே உடம்பைச் சூடாக்கும். மெல்லிய பருத்தி உடை ஒன்று போதும். ஊசி போட்ட தொடை சிவந்து வீங்கியிருந்தால் தேய்க்காதீர்கள். குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சற்று நேரம் வைத்தால் போதும். சின்னக் கட்டி சில வாரம்கூட இருந்துவிட்டுக் கரையும். காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி மட்டும் தனி ரகம்: சில வாரம் கழித்துத்தான் புடைக்கும், சீழ் வைக்கும், தழும்பாகும். அதைப் பிதுக்கவோ களிம்பு தடவவோ கூடாது.

தாய்ப்பால் கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்பதற்காகத் தண்ணீர் தேவையில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறு, எதைக் கண்டாலும் "ஊசிக் காய்ச்சல்தான்" என்று சும்மா இருப்பது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி வந்தாலே மருத்துவரிடம் பேசுங்கள். அவர் சொல்லாமல் பாராசிட்டமாலும் வேண்டாம். எந்த வயதானாலும் காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினாலோ 39க்கு மேல் போனாலோ காட்டிவிடுங்கள். மூன்று மணி நேரம் அடங்காத அழுகை, துவண்டு கிடப்பது, பால் குடிக்க மறுப்பது, வெகுநேரமாகச் சிறுநீர் போகாதது, மூச்சுத் திணறல், முகம் வீங்குவது, வலிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் கிளம்புங்கள். வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள்.

அப்புறம், தட்டம்மைத் தடுப்பூசிக்குக் காய்ச்சல் அன்றே வராது, ஒரு வாரம் பத்து நாள் கழித்து வரும். சிலருக்கு மெல்லிய தடிப்பும் சேர்ந்து வரும். அதற்குள் ஊசி போட்டதே மறந்துபோயிருக்கும்.

போன தடவை காய்ச்சல் வந்ததே என்று அடுத்த தவணையைத் தள்ளிப் போடவும் தேவையில்லை. எத்தனை டிகிரி வந்தது, எத்தனை நாள் இருந்தது, வேறு என்ன நடந்தது என்று தடுப்பூசி அட்டையின் ஓரத்தில் எழுதி வைத்திருந்து, அடுத்த ஊசிக்கு முன் செவிலியரிடம் காட்டுங்கள்.