கேரக்டருக்கு வயசானால் எதைக் குறைக்கலாம், எதைத் தொடக் கூடாது

ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டிக் கதை ஆடும் ரோல்-பிளேயிங் கேம்களில், பல நாள் தொடர்ந்து ஆடும் கேம்பெயினின் கதைக்குள் பத்து, இருபது வருஷம் ஓடிவிட்டால் கேரக்டரின் வயசைக் கணக்கில் எடுத்தே ஆகணும். ஆனால் வயசாச்சு என்று கேரக்டரின் உடம்புக்கும் திறமைகளுக்கும் உள்ள எல்லா பாயின்ட்டையும் மொத்தமாக வெட்டாதீர்கள். உடம்பு தளர்வது வயசால், தொழில் மறப்பது தொடாமல் விடுவதால். இரண்டுக்கும் தனித்தனி விதி வேண்டும்.

உடம்புக்குப் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. 1977-ல் வந்த டிராவலர் என்ற விண்வெளி ரோல்-பிளேயிங் கேமில் 34 வயசிலிருந்து நாலு வருஷத்துக்கு ஒருமுறை பலம், லாகவம், தாக்குப்பிடிக்கும் சக்தி மூன்றும் குறையுமா என்று பகடை உருட்டணும், புத்தியில் கை வைப்பது 66-ல்தான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) கேமின் 3.5 பதிப்பில் மனிதர்களுக்கு 35, 53, 70 என மூன்று படி. ஒவ்வொரு படியிலும் உடம்பு இறங்கும், அறிவும் விவேகமும் வசீகரமும் ஏறும். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கில்லுக்கு, அதாவது தொழில் திறமைக்கு, நான் சொல்வது இது: கதையில் அந்த வருஷம் பயன்படுத்திய ஸ்கில்லுக்கு டிக். மூன்று வருஷம் தொடர்ந்து டிக் இல்லையென்றால் ஒரு பாயின்ட் போகும். உச்சத்தில் இருந்ததில் பாதிக்குக் கீழே எப்போதும் போகாது.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் மாட்டுத் தரகு பார்க்கும் ஒரு கேரக்டரை எடுத்துக்கொள்வோம். முப்பது வயசில் மிரண்ட காளையை மூக்கணாங்கயிற்றைப் பிடித்தே நிறுத்தியவர், அறுபதில் அதே வேலைக்கு உருட்டினால் பெரும்பாலும் தோற்கணும், அது சரி. ஆனால் வருஷம் தவறாமல் சந்தைக்குப் போகிறவர் மாட்டின் உடம்பில் சுழி பார்ப்பதிலும், வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயசு சொல்வதிலும், துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதிலும் ஏன் குறையணும்? ஏறினாலும் தப்பில்லை.

இதே ஆள் ஐந்து வருஷம் திருப்பூரில் மகன் வீட்டோடு இருந்துவிட்டுத் திரும்பினால்? விலை பேசுவதில் பாயின்ட் குறையுங்கள், நிலவரம் மாறியிருக்கும், புது வியாபாரிகள் வந்திருப்பார்கள். பல் பார்க்கும் கண் அப்படிப் போகாது, டிக் இல்லாவிட்டாலும் அதைத் தொடாதீர்கள், மூன்று வருஷ விதிக்கு இது விலக்கு. எந்த ஸ்கில் ஊர் நிலவரத்தை நம்பியது, எது கையிலும் கண்ணிலும் ஊறியது என்று கதையை நடத்தும் கேம் மாஸ்டர் முதலிலேயே பிரித்து வைத்துவிட்டால் பாதிச் சண்டை வராது.

குறையப் போவதை ஆடுபவரே தேர்ந்தெடுக்கட்டும். "ஏனுங்ணா, ஓட்டத்துல எடுத்துக்குங்க, பேச்சுல கை வெக்காதீங்க" என்று கேட்டால் விட்டுவிடுங்கள், அவர் கேரக்டர் அவருக்குத்தான் தெரியும்.

அப்புறம், கற்றுக்கொடுப்பதும் பயன்பாடுதான். பேரனைச் சந்தைக்குக் கூட்டிப்போய்ப் பல் பார்க்கச் சொல்லிக்கொடுத்த வருஷத்துக்கும் டிக் போடுங்கள். தாத்தாவை ஓரம்கட்டும் நாளில் அந்தப் பேரனையே அடுத்த கேரக்டராக ஆடலாம், ஆரம்பத்திலேயே அந்த ஸ்கில்லில் இரண்டு பாயின்ட்டோடு.